கூட்டவும் குறைக்கவும்: ஸ்மார்ட் டிம்மர் பற்றி வாசகர் கேள்விகள்

‘வீட்டு மின்சாரம்’ பகுதிக்கு வந்த கடிதங்களில், விளக்கின் வெளிச்சத்தைச் செல்போனிலிருந்தோ சுவரிலிருந்தோ கூட்டிக் குறைக்க உதவும் ஸ்மார்ட் டிம்மர் சுவிட்ச் தொடர்பானவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் கூடத்தில் ஃபால்ஸ் சீலிங்கில் ஆறு எல்.இ.டி. விளக்குகள் இருக்கின்றன. கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகு மாமனாருக்கு வெளிச்சம் கூசுகிறது என்பதால் ஸ்மார்ட் டிம்மர் ஒன்றை வாங்கிப் பொருத்தினோம். முழு வெளிச்சத்தில் ஒழுங்காக எரியும் விளக்குகள், பாதிக்குக் கீழே இறக்கினால் துடிக்கின்றன. மெல்லிய ரீங்காரமும் கேட்கிறது. விளக்கில்தான் கோளாறு என்கிறார் சுவிட்ச் விற்ற கடைக்காரர். சுவிட்சில்தான் கோளாறு என்கிறார் எலக்ட்ரீஷியன். யார் சொல்வது சரி?
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: பெரும்பாலும் இரண்டுமே பழுதில்லாமல்தான் இருக்கும். தனித்தனியே ஜாதகம் நன்றாக இருந்தும் பொருத்தம் அமையாத கதைதான் இது. குண்டு பல்பு இருந்த காலத்தில் டிம்மருக்கு இந்தச் சிக்கல் கிடையாது. மின்சாரம் குறைந்தால் இழையின் சூடு குறையும், வெளிச்சமும் தானே இறங்கும். எல்.இ.டி. விளக்கோ 230 வோல்ட்டில் நேரடியாக எரிவதில்லை. அதனுள்ளே, அல்லது உங்கள் வீட்டைப் போல ஃபால்ஸ் சீலிங் விளக்குகளில் அதனுடன் சேர்த்துக் கொடுக்கப்படும் சிறு பெட்டியில், டிரைவர் என்னும் மின்சுற்று இருக்கிறது. வெளியிலிருந்து வரும் மின்னழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் எல்.இ.டி.க்கு ஒரே சீரான மின்னோட்டத்தைத் தருவதுதான் அதன் வேலை. நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி, அதாவது 100 அரைச்சுழற்சி கொண்டது. டிம்மர் செய்வதெல்லாம் அந்த ஒவ்வோர் அரைச்சுழற்சியிலும் ஒரு பகுதியை வெட்டிவிடுவதுதான். டிம்மரை நீங்கள் இறக்க, டிரைவர் அதை ஈடுகட்டப் பார்க்கிறது, ஈடுகட்ட முடியாத நிலையில் அணைகிறது, மறுபடி தலைதூக்குகிறது. நீங்கள் பார்க்கும் துடிப்பு இந்த இழுபறிதான்.

எனவே முதலில் பார்க்க வேண்டியது சுவிட்சின் பெட்டியை அல்ல, விளக்கின் பெட்டியை. அதில் ‘டிம்மபிள்’ என்று தெளிவாக அச்சிட்டிருக்க வேண்டும். எதுவும் அச்சிடவில்லை என்றால் வெளிச்சம் குறைக்க முடியாத விளக்கு என்றே கொள்ளுங்கள். இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். என் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மேலே மூன்று விளக்குகளை மாட்டி, நல்ல டிம்மர் என்று பெயரெடுத்த ஒன்றைப் பொருத்திவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அது ஏன் முனகுகிறது என்று ஸ்குரூவைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தேன். கடைசியில், குப்பைக்கூடைக்குப் போயிருந்த விளக்கின் அட்டைப்பெட்டியை எடுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தபோது, ‘டிம்மருடன் பயன்படுத்தக் கூடாது’ என்று பொடி எழுத்தில் இருந்தது.

விளக்கு டிம்மபிள்தான் என்றால் அடுத்தது டிம்மரின் வகை. டிரையாக் என்பது மின்னோட்டத்துக்குக் கதவுபோலத் திறந்து மூடும் சிறு மின்னணு உறுப்பு. அரைச்சுழற்சியின் தொடக்கத்தை வெட்டும் பழைய டிரையாக் வகையை லீடிங் எட்ஜ் என்றும், முடிவை வெட்டும் வகையை டிரெய்லிங் எட்ஜ் என்றும் சொல்வார்கள். முதல் வகையில் மின்னழுத்தம் ஒவ்வொரு முறையும் சுழியிலிருந்து படீரென மேலே தாவுகிறது. அந்த அதிர்ச்சியில் டிரைவருக்குள் இருக்கும் சுருள்கள் அதிர்வதே உங்கள் காதில் விழும் ரீங்காரம். இரண்டாவது வகையில் மின்னழுத்தம் இயல்பாக ஏறி, பிறகு துண்டிக்கப்படுகிறது, எல்.இ.டி. விளக்குகள் பலவற்றுக்கும் இதுதான் ஒத்துப்போகும். செல்போனிலிருந்தே இந்த இரண்டு முறைகளுக்கும் மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள டிம்மர்களும் இருப்பதால், உங்களுடைய டிம்மரின் குறிப்பேட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள். காசு செலவில்லாமலேயே பிரச்சினை தீர்ந்துவிடலாம்.

மூன்றாவது காரணம், விளக்குகளின் மொத்த வாட் போதாமல் இருப்பது. டிரையாக் திறந்த நிலையில் நிற்க அதன் வழியே ஓரளவு மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். குண்டு பல்பை மனதில் வைத்துச் செய்யப்பட்ட டிம்மர்கள் பலவற்றுக்குக் குறைந்தது 25 முதல் 40 வாட் வரை தேவைப்படும். உங்களுடைய ஆறு விளக்குகளும் ஒவ்வொன்றும் 9 வாட் என்றால் மொத்தமே 54 வாட்தான். பாதி வெளிச்சத்துக்கு இறக்கினால் அது அந்த எல்லைக்கு வந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க எலக்ட்ரீஷியனிடம் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள்: வீட்டில் எங்கோ கிடக்கும் 60 வாட் குண்டு பல்பு ஒன்றை ஹோல்டரில் போட்டு, அதே இணைப்பில் அந்த விளக்குகளுக்கு இணையாகச் சில நிமிடம் எரியவிட வேண்டும். துடிப்பு நின்றுவிட்டால் வாட் போதாமைதான் காரணம். நிற்காவிட்டால் டிரைவரைத்தான் மாற்ற வேண்டும். டிம்மரின் அட்டையில் ‘400 வாட்’ என்று பெரிதாகப் போட்டிருப்பதும் பெரும்பாலும் குண்டு பல்புக்கான கணக்கு, எல்.இ.டி.க்கு அதில் கால் பங்கோ அதற்கும் குறைவாகவோதான் அனுமதிப்பார்கள், அந்த எண் பக்கத்திலேயே சிறியதாக இருக்கும்.

விளக்கு முழுவதையும் தூக்கிப் போட வேண்டியதில்லை என்பது ஃபால்ஸ் சீலிங் விளக்குகளில் உள்ள ஒரு நன்மை. கிளிப்பை அழுத்தி விளக்கைக் கீழே இழுத்தால் டிரைவர் பெட்டி வயரோடு வெளியே வரும். அதன் மேல் ‘300 மில்லி ஆம்பியர், 18–40 வோல்ட்’ என்பதுபோல எழுதியிருக்கும். அதே மில்லி ஆம்பியரும் அதே வோல்ட் வரம்பும் கொண்ட டிம்மபிள் டிரைவரை மட்டும் வாங்கி மாற்றினால் போதும். முதலில் ஒன்றே ஒன்றை வாங்கி, மற்ற ஐந்து விளக்குகளையும் கழற்றிவிட்டு, அதே 60 வாட் குண்டு பல்பைத் துணைக்கு எரியவிட்டுச் சோதித்துப் பாருங்கள். ஒரு விளக்கு மட்டும் தனியாக இருந்தால் வாட் போதாமையே மறுபடி துடிப்பாகத் தெரியும்.

மாமனாருக்காக இரண்டு வார்த்தை கூடுதலாக. டிம்மரில் 10 சதவீத வெளிச்சம் என்பது கண்ணுக்குப் பத்தில் ஒரு பங்காகத் தெரியாது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகத் தெரியும். ஆகவே மேலே சொன்னவற்றைச் சரிசெய்த பிறகு, செயலியில் கீழ் எல்லையை 10 அல்லது 15 சதவீதத்தில் நிறுத்திவிட்டால் பெரும்பாலும் துடிப்பும் வராது, கூச்சமும் இருக்காது. நம் வீடுகளில் வழக்கமாக மாட்டப்படும் 6500 கெல்வின் வெள்ளை விளக்கு, குறைத்தால் சாம்பல் பூத்தாற்போல அழுது வடியும். 3000 கெல்வின் மஞ்சள் ஒளிதான் குறைந்த வெளிச்சத்தில் இதமாக இருக்கும்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மகன் விடுமுறைக்கு வந்தபோது நான்கு ஸ்மார்ட் டிம்மர்கள் வாங்கி வந்தான். அவற்றை இங்கே மாட்டலாமா? வோல்ட்டேஜ் கன்வெர்ட்டர் வைத்துக்கொண்டால் போதும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.
– வாசகர், மடிப்பாக்கம்

பதில்: மாட்ட வேண்டாம். அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட், 60 சுழற்சி. அதற்கென்று செய்த டிம்மரை நம் 230 வோல்ட்டில் கொடுத்தால் முதல் நாளே புகை வரும். கன்வெர்ட்டர் வைத்தால் அதன் பின்னால் வரும் விளக்குகளும் 120 வோல்ட்டுக்கு உரியவையாக இருக்க வேண்டியிருக்கும். பெட்டியின் அளவும் நம் மாடுலர் பிளேட்டுக்குள் அடங்காது. இவற்றைவிடப் பெரிய ஆபத்து வயரின் நிறத்தில் இருக்கிறது. அமெரிக்க முறையில் கறுப்பு வயர் ஃபேஸ் (மின்சாரம் வரும் வயர்), வெள்ளை நியூட்ரல் (அது திரும்பிச் செல்லும் வயர்); நம் ஊரில் சிவப்பு ஃபேஸ், கறுப்புதான் நியூட்ரல். அந்த டிம்மருடன் வரும் படத்தைப் பார்த்து, கறுப்போடு கறுப்பைச் சேர்க்கும் எலக்ட்ரீஷியன் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் தவறு செய்துவிடுவார். மகன் ஆசையாக வாங்கி வந்தது என்பது புரிகிறது. அவர் திரும்பும்போதே கொடுத்தனுப்பிவிடுங்கள். கடையில் திருப்பிக் கொடுக்கக் காலம் இருக்கலாம்.

கேள்வி: அடையாற்றில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு மிகப் பழையது, சுவிட்ச் போர்டுகள் மரப்பெட்டியும் ஹைலம் ஷீட்டும்தான். ஸ்மார்ட் டிம்மருக்கு நியூட்ரல் வேண்டும், உங்கள் போர்டில் நியூட்ரல் இல்லை, சுவரை உடைத்துப் புது வயர் இழுக்க வேண்டும் என்கிறார் எலக்ட்ரீஷியன். வேறு வழியில்லையா?
– வாசகி, அடையாறு

பதில்: சுவரை உடைக்கும் முன் போர்டின் ஓரத்தைப் பாருங்கள். சாதாரண சுவிட்சுக்கு நியூட்ரல் தேவையில்லை. ஃபேஸ் சுவிட்சுக்கு வந்து விளக்குக்குப் போகும். நியூட்ரல் நேராக விளக்குக்கே போய்விடும். ஸ்மார்ட் டிம்மருக்குள் இருக்கும் வைஃபை சுற்றோ, விளக்கு அணைந்திருக்கும்போதும் விழித்திருக்க வேண்டும், அதற்குத்தான் நியூட்ரல். ஆனால் நம் ஊர்ப் போர்டுகளில், செல்போன் சார்ஜருக்கும் கொசுவிரட்டிக்கும் பயன்படும் ஐந்து ஆம்பியர் பிளக் பாயிண்ட் ஒன்று மூலையில் இருக்கும். பிளக் இருந்தால் அங்கே நியூட்ரல் வந்திருக்கத்தான் வேண்டும். வெறும் சுவிட்சுகள் மட்டும் உள்ள போர்டுகளில்தான், குறிப்பாகப் படுக்கைக்கு அருகிலும் மாடிப்படியிலும், உங்கள் எலக்ட்ரீஷியன் சொல்வது முழு உண்மையாகும்.

அப்படி இருக்கும் நியூட்ரலையும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக் கூடாது. பழைய வீடுகளில் வயரின் நிறத்தை நம்ப முடியாது. கையில் இருந்த சுருளை அந்தந்தக் காலத்து வயர்மேன் இழுத்துவிட்டுப் போயிருப்பார். டெஸ்டர் விளக்கு ஒளிர்வது ஃபேஸைக் காட்டுமே தவிர, ஒளிராத வயர் நியூட்ரல்தான் என்பதற்கு அது சாட்சியில்லை. அது எர்த்தாகவோ எங்கும் சேராத வயராகவோ இருக்கலாம். மல்ட்டிமீட்டரில் அளந்து, அது எங்கே போய்ச் சேர்கிறது என்றும் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். இன்னொன்று: விளக்குக்கு ஃபேஸ் வரும் அதே எம்.சி.பி. என்னும் தானியங்கிப் பாதுகாப்பு சுவிட்சைச் சேர்ந்த நியூட்ரலாக அது இருக்க வேண்டும். மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீடுகளில் விளக்கு ஒரு ஃபேஸிலும் பிளக் வேறொரு ஃபேஸிலும் இருக்கக்கூடும். வெவ்வேறு ஃபேஸ்களின் நியூட்ரல்கள் குழம்பினால், நீங்கள் ஒரு எம்.சி.பி.யை இறக்கிவிட்டு வேலை செய்யும்போது மற்றச் சுற்றின் மின்னோட்டம் உங்கள் கையில் உள்ள வயரில் ஓடிக்கொண்டிருக்கும். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யைத் தனித்தனியாகப் பொருத்திய வீடு என்றால் அது காரணம் தெரியாமல் ‘டிரிப்’ ஆகிக்கொண்டே இருக்கும்.

நியூட்ரல் கிடைக்காதபோது பச்சை எர்த் வயரை நியூட்ரலாக இணைத்துவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. விளக்கு எரியும் என்பதால் தவறு வெளியே தெரியாது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. உள்ள வீட்டில் அது காட்டிக்கொடுக்கக்கூடும். இல்லாத வீட்டில், எங்கோ எர்த் இணைப்பு விட்டுப்போகும் நாளில் கிரைண்டரின் உடலிலும் ஃப்ரிட்ஜின் கதவிலும் ஷாக் அடிக்கும். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

நியூட்ரல் இல்லாத போர்டுக்கு நியூட்ரல் தேவைப்படாத டிம்மர்களும் விற்கின்றன. விளக்கின் வழியாகவே சொட்டுச் சொட்டாக மின்னோட்டத்தை எடுத்துக்கொண்டு அவை உயிர்வாழ்கின்றன. அந்தச் சொட்டே சிறிய எல்.இ.டி. விளக்குகளை நள்ளிரவில் மின்மினிப்பூச்சியைப் போல மங்கலாக ஒளிரச் செய்யும் என்பதால், உடன் தரப்படும் சிறிய கெப்பாசிட்டரை விளக்கின் இரு முனைகளுக்கும் குறுக்கே இணைத்துவிட வேண்டும். ஒரே ஒரு 5 வாட் விளக்குக்கு இந்த வகை சரிவராது. நான்கைந்து விளக்குகள் சேர்ந்த இடத்தில் பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்கிறது. உங்கள் மரப்பெட்டியில் இடம் தாராளமாக இருக்கும், அது வசதிதான். ஆனால் டிம்மர் சூடாகும் பொருள், மரமோ உளுத்திருக்கலாம். கையோடு உலோகப் பெட்டியும் மாடுலர் பிளேட்டும் போட்டுவிடுவது நல்லது. இரண்டு டிம்மர்களை ஒட்டி ஒட்டி வைத்தால் சூடு வெளியேற வழியில்லாமல் அவற்றின் தாங்குதிறன் குறையும், நடுவில் ஒரு சாதாரண சுவிட்சையாவது வையுங்கள்.

கேள்வி: மின்விசிறி ரெகுலேட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. அதையே விளக்குக்குப் போட்டால் என்ன?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: படிப்படியாகத் திருகும் ரெகுலேட்டருக்குள் இருப்பது கெப்பாசிட்டர், அது மோட்டாருக்காகச் செய்யப்பட்டது, எல்.இ.டி.யை அது துடிக்க வைக்கும் அல்லது கெடுக்கும். அதேபோல விளக்கு டிம்மரை விசிறிக்கும் போடாதீர்கள், மோட்டார் உறுமும், சூடாகும். பி.எல்.டி.சி. என்னும், உள்ளேயே மின்னணுச் சுற்று கொண்ட விசிறிக்கு இரண்டுமே ஆகாது.

கேள்வி: எங்கள் பகுதியில் மின்தடை அடிக்கடி வருகிறது. இன்வெர்ட்டரில் ஓடும்போது டிம்மர் போட்ட விளக்குகள் மட்டும் கரகரக்கின்றன. இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தால் அணைத்துவிட்டுப் படுத்த விளக்குகள் எல்லாம் பளிச்சென்று எரிந்து குழந்தையை எழுப்பிவிடுகின்றன.
– வாசகி, பெரம்பூர்

பதில்: இரண்டாவது தொல்லைக்கு மருந்து செயலியிலேயே இருக்கிறது. மின்சாரம் திரும்பும்போது எந்த நிலையில் இருக்க வேண்டும் என்ற அமைப்பைத் தேடி, ‘முந்தைய நிலை’ அல்லது ‘அணைந்த நிலை’ என்று மாற்றிவிடுங்கள்.

முதல் தொல்லைக்கு உங்கள் இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகையாக இருப்பது காரணமாக இருக்கலாம். மின்னழுத்தம் மெல்லச் சுழிக்கு வந்து மறுபக்கம் ஏறுவதை வைத்துத்தான் டிம்மர் எங்கே வெட்டுவது என்று கணக்கிடுகிறது. இ.பி. தரும் மின்சாரத்தில் அது அலைபோல நிகழ்கிறது. ஸ்கொயர் வேவில் உச்சத்திலிருந்து மறு உச்சத்துக்கு ஒரே தாவலாகத் தாவுகிறது, டிம்மர் தடுமாறுகிறது. அடுத்த முறை வாங்கும்போது சைன் வேவ் இன்வெர்ட்டரைத் தேர்ந்தெடுங்கள். அதுவரை மின்தடை நேரத்தில் அந்த விளக்குகளை முழு வெளிச்சத்திலேயே வைத்திருங்கள்.

இன்வெர்ட்டர் உள்ள வீட்டார் எல்லோருக்கும் ஒரு எச்சரிக்கை. சுவிட்ச் போர்டைக் கழற்றுவதற்காக மெயினை இறக்கினால், இன்வெர்ட்டர் அதை மின்தடை என்றே எடுத்துக்கொண்டு அடுத்த நொடியே அதே போர்டுக்குத் தன் 230 வோல்ட்டை அனுப்பும். மெயின் இறங்கியிருக்கிறது என்ற தைரியத்தில் கை வைப்பவருக்கு ஷாக் அடிப்பது இப்படித்தான். இன்வெர்ட்டரின் முன்பக்கப் பொத்தானை மட்டும் அணைப்பது போதாது. முதலில் இன்வெர்ட்டரை அணைத்து, அதன் வெளியீட்டு இணைப்பையும் கழற்றிவிட்டு, பிறகு மெயினை இறக்கி, கடைசியாக டெஸ்டரை வைத்துப் பார்த்த பின்பே ஸ்குரூடிரைவரை எடுக்க வேண்டும்.

கேள்வி: ரிச்சி தெருவில் மலிவாக ஒரு ஸ்மார்ட் டிம்மர் வாங்கினேன். செல்போனில் இணைக்கவே முடியவில்லை. இணைந்தாலும் இன்டர்நெட் போனால் விளக்கு போடவே முடியாதா? வீடு கடற்கரைக்கு அருகில் இருக்கிறது.
– வாசகர், திருவான்மியூர்

பதில்: இத்தகைய டிம்மர்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே அறியும். இப்போது வரும் ரவுட்டர்கள் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் ஒலிபரப்புவதால் இணைக்கும் நேரத்தில் குழப்பம் வருகிறது. ரவுட்டர் அமைப்பில் 5 கிகாஹெர்ட்ஸைச் சற்று நேரம் நிறுத்திவிட்டு இணைத்துப் பாருங்கள். டிம்மர் உலோகப் பெட்டிக்குள் கான்கிரீட் சுவரில் புதைந்திருந்தால் சிக்னலும் மெலியும்.

இன்டர்நெட் போனாலும் சுவரில் கையால் இயக்க முடியாத டிம்மரை எந்த விலைக்கும் வாங்காதீர்கள் என்பது என் கட்சி. வீட்டுக்கு வரும் விருந்தாளியும் வேலைக்கு வரும் அம்மாவும் உங்கள் செயலியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. செல்போன் கட்டளை வெளிநாட்டுச் சர்வருக்குப் போய்த் திரும்பாமல் வீட்டுக்குள்ளேயே நடக்க வேண்டுமென்றால், வைஃபைக்குப் பதில் ஜிக்பீ என்னும் வயர்லெஸ் முறையில் இயங்கும் வகையை அதற்குரிய ஹப் என்னும் இணைப்புப் பெட்டியுடன் வாங்கலாம். அல்லது பல நிறுவனங்கள் சேர்ந்து 2022 அக்டோபரில் வெளியிட்ட, ஸ்மார்ட் வீட்டுச் சாதனங்களுக்கான மேட்டர் என்னும் பொதுத் தரத்துக்கு ஏற்றதாகப் பார்த்து வாங்கலாம். தெருவோரத்தில் பில் இல்லாமல் வாங்கும் சரக்கில் தரக்குறியீடும் இருக்காது, பழுதானால் கேட்க ஆளும் இருக்காது.

உப்புக்காற்றில் சுவிட்சின் பித்தளை முனைகள் பச்சை பூத்துப்போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். முனை தளர்ந்தால் சூடாகும்; டிம்மரில் அது இன்னும் வேகமாக நடக்கும். பால்கனியிலும் கடலைப் பார்த்த சுவரிலும் டிம்மர் வேண்டாம். உள்ளறையில் போட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை பிளேட்டைக் கழற்றி ஸ்குரூக்களை இறுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எட்டு ஸ்மார்ட் டிம்மர்கள் போட்டால் கரண்ட் பில் குறையுமா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: கணக்குப் போட்டுவிடுவோம். விளக்கு அணைந்திருந்தாலும் டிம்மர் ஒன்று அரை வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், எட்டுக்கும் 4 வாட். நம் இ.பி. பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 60 நாளில் 1,440 மணி நேரம், ஆக 5.76 யூனிட். மறுபக்கம், 54 வாட் விளக்குகளைத் தினமும் நான்கு மணி நேரம் பாதி வெளிச்சத்தில் எரித்தால் அதே 60 நாளில் மிச்சமாவது 6.48 யூனிட். வரவுக்கும் செலவுக்கும் சரியாகப் போய்விடுகிறது. கண்ணுக்கு இதமாக வேண்டும், பூஜையறையிலும் படுக்கையறையிலும் வெளிச்சம் அடங்கி இருக்க வேண்டும் என்றால் அந்த இரண்டு மூன்று இடங்களுக்கு மட்டும் வாங்குங்கள். குளியலறைக்கும் சமையலறைக்கும் சாதாரண சுவிட்சே போதும்.